தலைவரின் காதுக்கு அளவெடுத்த கதை

அச்சகத் தொழிற்சங்கத் தலைவருக்கு அவருடைய மனைவி இழைத்த அநீதிகள், தேதி வாரியாக:

முதலாவது. கல்யாணமான இரண்டாம் மாதம், ‘எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை’ என்ற துண்டறிக்கையில் மீந்துபோன பிரதிகளை எடுத்து, அவற்றின் பின்பக்கத்தில் சட்டைக் கைக்கு அளவு வரைந்தாள். கத்தரித்தபோது ‘தோழர்களே’ என்ற சொல் அக்குளில் போய் விழுந்தது.

இரண்டாவது. கொடிக்கென்று வாங்கி வைத்திருந்த சிவப்புத் துணியில் ஒரு முழம் கிழித்து மெத்தை உறைக்கு ஒட்டுப் போட்டாள். அன்றிலிருந்து தலைவர் தம் கொள்கையின் மேலேயே புரண்டு படுக்கிறார்.

மூன்றாவது. அச்சகத்தின் வாயிற்கூட்டத்தில் விரலை நீட்டி, “இனி ஓர் அங்குலமும் பின்வாங்க மாட்டோம்” என்று அவர் முழங்கிவிட்டு மூச்சு வாங்கிய அந்த ஒரு நொடியில், கூட்டத்தின் பின்னாலிருந்து, “என்னங்க, மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டாள். நிர்வாகம் சிரித்தது. தொழிலாளர்களும் சிரித்தார்கள். அந்த வருடம் இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நான்காவது. மூன்று வேலைநிறுத்தங்களைக் கண்ட கூம்பு ஒலிபெருக்கியை மல்லாத்தி வைத்து, அதில் பொத்தான்களைக் கொட்டி வைத்தாள்.

ஐந்தாவது அநீதிக்குத் தேதி கிடையாது. அது தினமும் நடந்தது. அதன் பெயர் முன்னறைக் கோரிக்கை.

மனைவி தையல்காரி. வீட்டுக்குள் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள இடுக்கில், ஒரே ஒரு தையல் மெஷினோடு, முழங்கை சுவரில் இடிக்க இடிக்கத் தைத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சமும் காற்றும் உள்ள முன்னறையிலோ சங்கத்தின் சொத்துக்கள் குடியிருந்தன. பழைய துண்டறிக்கைக் கட்டுகள், கொடிக் கம்புகள், ‘பணிய மாட்டோம்’ என்று எழுதிய தட்டிகள். அந்த அறையைக் காலி செய்து கொடுத்தால் இன்னொரு மெஷின் போடலாம். அச்சகத்தில் ஆட்குறைப்பில் வேலை போன பைண்டிங் அக்காவை அதில் உட்கார வைக்கலாம். இதுதான் அவளுடைய கோரிக்கை. ஒன்பது வருடமாக இதே கோரிக்கை.

தலைவரும் ஒன்பது வருடமாக ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“அது சங்கத்துச் சொத்தும்மா. நான் தனியா முடிவெடுக்க முடியாது. கமிட்டி கூடணும். தீர்மானம் போடணும்.”

“கமிட்டி எப்பங்க கூடும்?”

“பரிசீலனையில இருக்கு.”

இந்தப் பதிலை அவர் எங்கே கற்றார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பார். அச்சக நிர்வாகம் அவருக்கு முப்பத்தொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பதில் அது.

தலைவர் ஓய்வு பெற்ற வாரம் சங்கத்து ஆட்கள் ஒரு மாலையோடு வந்தார்கள். முன்னால் நின்றவர் கம்போசிட்டர். எழுத்துக் கோத்துக் கோத்து முதுகு வளைந்தவர். எதையும் வலமிருந்து இடமாகவும் படிப்பார்.

“தலைவரே, எங்களுக்கு ரொம்ப நாளா ஒரு மனக்குறை. கமிட்டியில நாங்க பேசினா நீங்க பதிலே சொல்றதில்லை. கூரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. அப்புறம்தான் பைண்டிங் அக்கா சொன்னாங்க, பாவம், தலைவருக்குக் காது போயிடுச்சுன்னு. இவ்வளவு வருஷம் மெஷின் சத்தத்துல எங்களுக்காகக் கத்தினீங்களே, அதனாலதான் போச்சுன்னு.”

பைண்டிங் அக்கா பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அதனால ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். காது மெஷின் வாங்கிக்கணும். கடையில சொல்லிட்டோம். நீங்க போய் அளவு கொடுத்தா போதும்.”

தலைவருடைய காதுக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த தெருவில் கதவு தட்டினால் இங்கே ‘யாரது’ என்பார். கமிட்டியில் மற்றவர்கள் பேசும்போது அவர் கேட்பதில்லை, அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வது? வேலை இழந்த ஒருத்தி அழுதுகொண்டு நிற்கும்போது, ‘அம்மா, எனக்குக் காது நன்றாகக் கேட்கும், நீங்கள் பேசுவதுதான் பிடிக்காது’ என்று எந்தத் தலைவன் சொல்வான்?

“தோழர்களே,” என்றார். மாலையை வாங்கி அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதை அவர்கள் நன்றி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடை சிறியது. கண்ணாடி அலமாரியில் காது மட்டும் உள்ள பொம்மைகள் வரிசையாக இருந்தன. அளவெடுக்கும் பெண் ஒருத்தி வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பரிசோதித்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

“உங்களுக்குக் காது மெஷின் தேவையே இல்லை சார். என் காதைவிட உங்க காது நல்லா இருக்கு.”

அப்போதே எழுந்து வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் தலைவருடைய கண் அலமாரியின் மேல்தட்டில் நின்றது. காதின் உட்குழியை அப்படியே வார்த்தெடுத்தது போல, கண்ணாடியாய் மின்னும் இரண்டு சின்ன உருண்டைகள். அவற்றிலிருந்து மெல்லிய ஒயர்.

“அது என்னம்மா?”

“மேடையில பாடுறவங்க போடுறது சார். இன்-இயர் மானிட்டர்னு சொல்வாங்க. காதை அச்செடுத்து அந்த ஒரு காதுக்குன்னே செய்றது. வேற யாருக்கும் பொருந்தாது. உள்ள ஒவ்வொண்ணுலயும் மூணு குட்டி ஸ்பீக்கர் இருக்கு.”

“போட்டா என்ன ஆகும்?”

“நீங்க கேட்க நினைக்கிறது மட்டும்தான் கேட்கும். வெளியில கலவரமே நடந்தாலும் தெரியாது.”

தலைவருக்கு ஒரு மெஷினின் கடகடப்பும், அதற்கு மேல் ஒரு குரலும், அந்தக் குரலில் முன்னறை என்ற ஒரு சொல்லும் நினைவுக்கு வந்தன.

“இதையே செஞ்சிடுங்க,” என்றார். தாழ்ந்த குரலில் சொன்னார். வாழ்நாளில் அவர் தாழ்ந்த குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

“பேரு சார்?”

“பேரு வேண்டாம்.”

“பேரு இல்லாம முடியாது சார். காதுக்குள்ள போற பொருள். ஆள் மாறிடக் கூடாது. பேரு வேண்டாம்னா உங்க வேலையையாவது சொல்லுங்க.”

சங்கத் தலைவர், தொழிலாளர் காசில் இசைக்கருவி என்று கடையின் பதிவுப் புத்தகத்தில் ஏறுவதா? தலைவர் ஒரு பொய் சொன்னார். என்ன பொய் என்பதைச் சொன்ன மறு நிமிடமே மறந்துவிடப் பாடுபட்டார். அவர் மறக்க நினைத்ததை நாமும் இப்போதைக்குக் கிளற வேண்டாம்.

அந்தப் பெண் காதுக்குள் நூல் கட்டிய பஞ்சை வைத்தாள். குளிர்ச்சியான ரோஸ் நிறப் பசையை ஊசிக்குழாயால் அடைத்தாள்.

“அஞ்சு நிமிஷம் சார். பேசக் கூடாது. தாடையை அசைக்கவே கூடாது.”

பேசக் கூடாது! தலைவருக்கு முப்பத்தொரு வருட ரத்தம் கொதித்தது.

“பேசாதேன்னு சொல்ற அதிகாரம் யாருக்கும் கிடையாதும்மா. அது சரி, உனக்கு எத்தனை மணி நேரம் வேலை?”

“சார், பேசாதீங்க.”

“பார்த்தியா, பயப்படுறே. பயப்படக் கூடாது. ஓவர்டைம் உண்டா? வாரத்துக்கு ஒரு நாள் லீவாவது முழுசா தர்றாங்களா?”

“சார், அச்சு கெட்டுப் போயிடும்.”

“கெட்டது அச்சு இல்லை, அமைப்பு!”

மூன்றாவது தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘பேசாதீர்கள்’ என்று எழுதிக் காட்டினாள். தலைவர் அதை வாங்கி, எழுத்துப்பிழை இல்லை என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார். பசை இறுகி முடிந்தபோது அவர் சங்கம் அமைக்கும் உரிமைக்கு வந்திருந்தார்.

அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த மனிதர். அச்சு விழும்போது தாள் அசையக் கூடாது என்று எத்தனையோ புது ஆட்களைத் திட்டியவர்.

இரண்டு வாரத்தில் சாமான் வந்தது. கைக்கு அடக்கமான பெட்டி. காதில் திருகி வைத்தால் ‘ப்ளக்’ என்று உட்கார்ந்தது.

“இதாங்க காது மெஷினா?” என்றாள் மனைவி. “ஒயரெல்லாம் தொங்குது?”

“அது பேட்டரிக்குப் போகுது.” ஒயரின் மறுமுனை சட்டைப் பைக்குள் போனில் இருந்தது.

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தம்முடைய பழைய வாயிற்கூட்டப் பேச்சின் ஒலிப்பதிவை ஓட விட்டார். கேட்டார். முகம் சுருங்கியது. குரலில் கனமே இல்லை. தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட எலி உரிமை கேட்பது போல இருந்தது. அதற்கு மேல் தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. அதற்கும் மேல் மனைவியின் குரல் எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது.

“பைண்டிங் அக்கா வீட்டுல ரொம்பக் கஷ்டங்க. முன்னறையை மட்டும் ஒழிச்சுக் கொடுத்தீங்கன்னா...”

இதற்கா தோழர்களின் காசைத் தின்றேன்? தலைவருக்கு அழுகையே வந்தது. ஆத்திரத்தில், “இந்தாம்மா!” என்று வாயைத் திறந்தார்.

திறந்த வாய் திறந்தபடி நின்றது.

உலகம் அணைந்தது. மெஷின் இல்லை. மனைவி இல்லை. டப்பாவிலிருந்த எலி யானையாகி அவர் மண்டைக்குள் பிளிறியது. குரலின் அடிக்கனம் நெஞ்சுக்கூட்டை அதிர வைத்தது. இருபது வருடத்துக்கு முந்தைய கூட்டத்தில், மூன்றாவது வரிசையில் யாரோ இருமியது கூடத் தனியாகக் கேட்டது. ஆஹா, எப்பேர்ப்பட்ட பேச்சு! எப்பேர்ப்பட்ட குரல்!

வாயை மூடினார். எலி. கடகட. “...என்னங்க, காதுல விழுதா?”

வாயைத் திறந்தார். யானை.

அப்போதுதான் புரிந்தது. பேசிக்கொண்டே அச்சுக் கொடுத்த காது. பேசும் வாய்க்குத்தான் அது பொருந்தும். மூடினால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்துவிடுகிறது. கடைக்குப் போய்க் கேட்கவும் வழியில்லை. அந்தப் பெண் அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைப்பாள்.

சரி, போராளிக்கு வழியா இல்லை? தலைவர் பேசத் தொடங்கினார். மனைவி வாயைத் திறக்கும் அறிகுறி தெரிந்தால் போதும், இவர் முந்திக்கொள்வார். தட்பவெப்பம், உலகப் பொருளாதாரம், தண்ணீர்க் குழாயின் துரு என்று எதுவும் தலைப்புதான். தலைப்புக் கிடைக்காதபோது கொட்டாவி விட்டார். ஒரு நாளில் நாற்பது கொட்டாவி. தாடை வலித்தது. ஆனால் கோரிக்கை நின்றது. ஒரு வாரம் முழுதும் முன்னறை என்ற சொல்லே அவர் காதில் விழவில்லை.

வெற்றி. ஆனாலும் தெருவில் பைண்டிங் அக்காவைப் பார்த்தால் தலைவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவள் விட மாட்டாள். அங்கிருந்தே கையால் காதைத் தொட்டுக் காட்டி, “நல்லாக் கேட்குதா தலைவரே?” என்பாள். தலைவர் தலையாட்டுவார். ஆட்டிய தலை அதன்பின் வீடு போய்ச் சேரும்வரை நிமிராது.

ஆனால் தலைவர் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். மனைவி தையல்காரி. எதிரே நிற்கும் உடம்பில் எந்தத் துணி எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று பத்தடியில் நின்றே சொல்கிறவள்.

ஒரு நாள் பகல் அவர் வாயை மூடிக் கண்ணயர்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் வந்து குனிந்தாள். அவர் காதோரத்திலிருந்து கொசு பாடுவது போல ஒரு சத்தம். உற்றுக் கேட்டாள். ‘இனி ஓர் அங்குலமும் பின்வாங்க மாட்டோம்!’ அதன் பின்னாலேயே, இன்னும் மெல்லியதாய், ஒரு பெண் குரல்: ‘என்னங்க, மாத்திரை போட்டீங்களா?’

அவள் நிமிர்ந்தாள். தலைவர் விழித்தபோது தேநீரோடு நின்றாள்.

“என்னங்க, உங்க காலத்து வேலைநிறுத்தம் எத்தனை நாள் நடந்துச்சு?”

தலைவருக்கு அப்படியொரு கேள்வி வேண்டியிருந்தது. ஆரம்பித்தார். அவர் பேசப் பேச அவள் உதடு அசைவதை மட்டும் பார்த்தார். ஏதோ மூன்று நான்கு சொல். பேச்சை முடித்து வாயை மூடி, “என்ன சொன்னே?” என்றார்.

“ஒண்ணும் இல்லைங்க. அருமையா பேசுறீங்கன்னு சொன்னேன்.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தே தலைவர் பயந்திருக்க வேண்டும். வாடிக்கைக்காரருக்குச் சட்டை எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கண்டுகொண்டால் அவள் அப்படித்தான் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கம்போசிட்டர், பைண்டிங் அக்கா, கமிட்டியின் மற்ற ஐந்து பேர். எல்லாரும் சலவைச் சட்டையில்.

“அண்ணிதான் வரச் சொன்னாங்க,” என்றார் கம்போசிட்டர். “மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு எல்லாரும் வந்து பார்க்கணும்னு. எங்க தலைவரே, போடலையா?”

தலைவர் பெட்டியை எடுத்து வந்தார். ஏழு பேர் பார்க்க இரண்டு காதிலும் திருகி வைத்தார். ப்ளக். ப்ளக். பைண்டிங் அக்கா கைதட்டினாள். அந்தக் கைதட்டல் அவர் கன்னத்தில் விழுந்தது போல இருந்தது.

“நின்னுக்கிட்டே இருக்காதீங்க தம்பி,” என்றாள் மனைவி கம்போசிட்டரிடம். “முன்னறையிலதான் இடம் இல்லை. இந்தக் கட்டுகள் மேலேயே உட்காருங்க. என்னங்க, எல்லாரும் வந்திருக்காங்க. நாலு வார்த்தை பேசுங்களேன்.”

“வேண்டாம்மா.”

“பேசுங்க தலைவரே! எவ்வளவு நாளாச்சு!”

எந்தத் தலைவனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. இவருடையது அழைப்பு. எழுந்தார். தொண்டையைச் செருமினார். தலைப்பு தானாக வந்தது.

“தோழர்களே! உழைப்பவன் குரலை யார் கேட்கிறார்கள்?”

வாய் திறந்தது. உலகம் அணைந்தது. தம் குரல் மட்டும் தலைக்குள் கோயில் மணி போலச் சுழன்றது. கேட்கப்படாதவர்களின் துயரத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். நடுவில் ஒருமுறை மனைவி எழுந்து நின்று ஒரு தாளைப் பார்த்து ஏதோ படித்தாள். வரவேற்புரை போல. கம்போசிட்டர் எழுந்து ஒரு வரி சொன்னார். வாழ்த்துரை போல. அவள் எதையோ கேட்டாள். எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

தலைவர் நெகிழ்ந்து போனார். என்ன ஒற்றுமை! பேச்சை நிறுத்தாமலே அவரும் கையை உயர்த்தினார். முஷ்டியும் பிடித்தார்.

முழு மூச்சோடு பேச்சை முடித்து வாயை மூடினார். தீர்மான நோட்டைப் படிக்கும் கம்போசிட்டரின் குரல் தெளிவாக வந்து விழுந்தது.

“...ஆக, முன்னறையில் உள்ள சங்கப் பொருள்களை இன்றே சங்க அலுவலகத்துக்கு மாற்றுவது, அறையைத் தையல் வேலைக்கு ஒப்படைப்பது என்ற தீர்மானம், தலைவர் உட்பட அனைவரும் கை உயர்த்தி, ஒருமனதாக நிறைவேறியது.”

“எந்தத் தீர்மானம்?” என்று அலறினார் தலைவர்.

“என்னங்க இப்படிக் கேட்கிறீங்க? கமிட்டி கூடணும், தீர்மானம் போடணும்னு ஒன்பது வருஷமா நீங்கதானே சொன்னீங்க. நான் முன்மொழிஞ்சேன். தம்பி வழிமொழிஞ்சார். நீங்க கையைத் தூக்கினீங்க.”

“எனக்குக் கேட்கவே இல்லை! இது செல்லாது!”

கம்போசிட்டர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தார்.

“கேட்கலையா? காதுல மெஷின் இருக்கே தலைவரே.”

தலைவர் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டார். கேட்டது என்றால் அறை போகும். கேட்கவில்லை என்றால் மெஷின் எதற்கு என்பார்கள். பைண்டிங் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் சந்தேகம் கொஞ்சமும் இல்லை. கவலைதான் இருந்தது. அவர் காதுக்காகக் கவலை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“கடையில... கடையில மாத்திக் கொடுத்துட்டாங்க,” என்றார். “இது என்னுடையதே இல்லை. யாரோ ஒருத்தருடையது.”

“அடப் பாவமே,” என்றாள் மனைவி. “அளவெடுத்துச் செஞ்சதுன்னு சொன்னீங்களே. யாரோடதுன்னு பார்த்துட்டாப் போச்சு. கழட்டுங்க.”

கழற்றினார். அவள் அதைத் தன் முந்தானையில் துடைத்தாள். கம்போசிட்டர் காதில் வைத்தாள். உள்ளே போகவே இல்லை. பைண்டிங் அக்கா காதில் வைத்தாள். நழுவி மடியில் விழுந்தது. மற்ற ஐந்து பேரிடமும் வரிசையாகப் போனாள். ஒருவருக்கு வலித்தது. ஒருவருக்குத் தொங்கியது. கடைசியில் கணவன் முன் வந்து நின்றாள்.

“கொஞ்சம் வாயைத் திறங்க.”

“எதுக்கு?”

அந்தக் கேள்விக்கு வாய் திறந்தது. ப்ளக்.

“பார்த்துக்கிட்டீங்களா எல்லாரும்? பேசிக்கிட்டே அளவு கொடுத்திருக்காரு. வயித்தை எக்கிக்கிட்டு அளவு கொடுக்கிறவங்களுக்கும் இதே கதிதான், மூச்சு விட்டா பொத்தான் தெறிக்கும். இது காது கேட்கிற மெஷினும் இல்லை. நாம பேசறது கேட்காம இருக்கிற மெஷின். உள்ள ஓடறது அவரோட பேச்சேதான்.”

ஏழு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பார். பைண்டிங் அக்கா மெதுவாகக் கேட்டாள்:

“நாங்க பேசறது அவ்வளவு தொல்லையா தலைவரே?”

முப்பத்தொரு வருடத்தில் எந்த நிர்வாகமும் அவரை இப்படி ஒரு கேள்வி கேட்டு வாயடைத்ததில்லை. காதைத் தடவி, உருண்டையைக் கழற்றி மனைவியின் கையில் வைத்தார்.

“என்னுடையதுதான்,” என்றார். “அறையை எடுத்துக்கோம்மா. தப்பு என் மேலதான். நான் உங்கள்ல ஒருத்தன். உங்க தலைவன். அதை மட்டும் மறந்துடாதீங்க.”

கம்போசிட்டரின் கண் கூடக் கொஞ்சம் கலங்கியது. அவர் பேனாவை மூடி, “சரி விடுங்க அண்ணி, தலைவர் ஒத்துக்கிட்டாரே” என்றார். அத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் மனைவி அந்தக் கண்ணாடி உருண்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் ஊசிக் காதில் நூல் கோக்கிற கண்.

“இருங்க தம்பி, நோட்டை மூடாதீங்க. உள்பக்கம் கடைக்காரங்க பொடி எழுத்துல பேரு பொறிச்சிருக்காங்க. ஆள் மாறிடக் கூடாதுன்னு போல.”

தலைவருக்குத் தாம் சொன்ன பொய் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “வேண்டாம்மா!” என்று கையை நீட்டினார்.

அவள் ஒதுங்கிக்கொண்டு, ஏழு சாட்சிகளும் கேட்கும்படி, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்:

“மே... னே... ஜர்.”